உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்தால் காப்பாற்ற மாட்டார்களா?

"உறுப்பு தானம் எழுதிக் கொடுத்தவர் விபத்தில் சிக்கினால் டாக்டர்கள் காப்பாற்ற மாட்டார்கள், உடலும் முழுசாக வீடு வராது." மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி பொய்.

1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி, உறுப்பை எடுக்கும் முன் மூளைச்சாவை (மூளை மீளவே முடியாமல் செயலிழந்த நிலையை) 4 மருத்துவர்கள் குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்தே உறுதி செய்ய வேண்டும். கண்ணில் வெளிச்சம் அடித்தால் கண்மணி சுருங்குகிறதா, வென்டிலேட்டரை விலக்கினால் தானாக மூச்சு வருகிறதா என்று பார்ப்பார்கள். உறுப்பு பொருத்தும் மருத்துவர் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. உறுப்பு தான அட்டை இருந்தாலும், குடும்பத்தார் கையெழுத்து இல்லாமல் உறுப்பை எடுக்க மாட்டார்கள்.

சரி, உடல்? தையல் போட்டுத் தருவார்கள். சட்டை போட்டால் தெரியாது. நடுவீட்டில் கிடத்தி, ஜெபமோ சடங்கோ வழக்கம்போல் செய்யலாம். 2023 முதல் தமிழ்நாட்டில் உறுப்பு தானம் செய்து இறந்தவர்களுக்கு அரசு மரியாதையும் உண்டு. தயவுசெய்து அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.