"உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க அங்கிள்"

போன வாரம் மாமாக் என்னும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் தே தாரேக் என்ற இழுத்த டீ குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசைப் பையன் பேச்சுவாக்கில் சொன்னான்: "2018-ல உங்க எல்லாரையும் நல்லா ஏமாத்திட்டாங்க அங்கிள்." கோபம் வரவில்லை. 2018 மலேசியப் பொதுத்தேர்தலின்போது அவன் ஆரம்பப் பள்ளியில் இருந்திருப்பான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அது நெருடிக்கொண்டே இருந்தது. அவனிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

2018 மே 8, செவ்வாய் இரவு. மறுநாள் புதன்கிழமை வாக்களிப்பு. கிள்ளான் பக்கம் ஒரு திடலில் எதிர்க்கட்சிகளின் நம்பிக்கைக் கூட்டணி நடத்திய செராமா, அதாவது பிரசாரக் கூட்டம். நான், மனைவி, எங்கள் அத்தை, மூவரும் போனோம். அத்தை பிறந்தது இங்கேதான், ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். ஆனாலும் கையில் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை. ஓட்டு கிடையாது. "நீங்க எதுக்கு அத்தே மழையில?" என்று கேட்டதற்கு, "ஓட்டுதான் போட முடியாது, கூட்டத்துல நிக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?" என்றார். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

திடல் முழுக்கச் சேறு. என் இடது கால் செருப்பு மாட்டிக்கொண்டது. இழுத்தேன், வார் மட்டும் கையோடு வந்தது. மேடையில் 1எம்டிபி அரசு நிதி ஊழல், 6 விழுக்காடு ஜிஎஸ்டி வரி என்று எல்லாருக்கும் மனப்பாடமான விஷயங்கள். நன்கொடைக்காக ஒரு மைலோ டின் கை மாறி வந்தது. முன்னால் நின்ற மலாய் அம்மா ஒருவர் 10 ரிங்கிட் போட்டு அத்தையிடம் நீட்டினார். அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த 5 ரிங்கிட்டைப் போட்டு, டின்னை ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஆளிடம் கொடுத்தார்.

அப்புறம் திரையில் லங்காவித் தீவிலிருந்து மகாதீர் பேசினார். முன்னாள் பிரதமர், இப்போது கூட்டணியின் பிரதமர் வேட்பாளர். வயது 92. இணையம் விட்டு விட்டுத்தான் வந்தது. படம் உறையும்போதெல்லாம் கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

எனக்குள் குடைச்சல் தொடங்கியது அப்போதுதான். 1987-இல் ஓப்பராசி லாலாங் என்ற கைது நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விசாரணையில்லாமல் இசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து வைத்தபோது பிரதமர் இவர். அப்போது உள்ளே போன எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங் 2018-இல் இவரோடு ஒரே அணியில். 1998-இல் இவர் துணைப் பிரதமர் பதவியிலிருந்து தூக்கிய அன்வார் அன்று இரவும் கைதிதான். 2007 நவம்பர் 25-இல் மலேசிய இந்தியர்களின் உரிமை கேட்ட இண்ட்ராஃப் பேரணிக்குக் கோலாலம்பூர் போய்க் கண்ணீர்ப்புகையில் கண் எரிய ஓடியவன் நான். அடுத்த மாதம் அந்தத் தலைவர்கள் ஐவரைப் பிடித்துப் போட்டதும் அதே இசாவில்தான். அந்தச் சட்டத்தை அவ்வளவு காலம் கையில் வைத்திருந்த மனிதரின் பேச்சுக்கு நான் கைதட்டுகிறேன்! வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் தட்டினேன்.

கடைசியில் எல்லாரும் தேசிய கீதமான நெகாராகூ பாடினோம். அத்தை தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஒரு சொல் பிசகாமல் பாடினார். இந்த நாடு அவரைக் குடிமகள் என்று ஏற்கவில்லை. அவரோ நிமிர்ந்து நின்று பாடுகிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாடு மாறும் என்று அன்று நான் நம்பியதற்கு மகாதீரைவிட அத்தைதான் காரணம்.

மறுநாள் மாறவும் செய்தது. 222 இடங்களில் கூட்டணிக்கு மட்டும் 113. அம்னோ கட்சி தலைமையிலான 61 ஆண்டு ஆட்சி ஒரே நாளில் போனது. மே 10 இரவு கிட்டத்தட்ட பத்து மணிக்கு மகாதீர் பதவியேற்கும்வரை தெருவில் யாரும் தூங்கவில்லை.

பையன் சொன்னதில் பாதி சரி. 22 மாதத்தில், 2020 பிப்ரவரியில், கட்சித் தாவலில் அந்த அரசு கவிழ்ந்தது. நாங்கள் போட்ட ஓட்டு யார் யார் கைக்கோ போனது. அது துரோகம்தான், மழுப்ப விரும்பவில்லை. ஆனால் எங்கள் பங்கும் இருக்கிறது. 2007-இல் தோற்றுத் திரும்பிய பிறகும் நாங்கள் சும்மா இருக்கவில்லை, வீடு வீடாகப் பேசினோம். 2018-இல் ஜெயித்ததும் பட்டாசு வெடித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். குடியுரிமைச் சிக்கலை 100 நாளில் தீர்ப்போம் என்று சொன்னார்களே, 101-ஆவது நாள் எத்தனை பேர் போய்க் கேட்டோம்? நான் கேட்கவில்லை. அந்தத் திடலில் நின்றதற்காக நான் வருத்தப்படவில்லை தம்பி. இதற்காக வருத்தப்படுகிறேன்.

வாக்களிப்பு நாளன்று அத்தையும் எங்களோடு பள்ளிக்கூடம்வரை வந்தார். கேட்டுக்கு வெளியே மரநிழலில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் வெளியே வந்ததும் என் மனைவியின் விரலைப் பிடித்து, மையைத் தொட்டுப் பார்த்தார்.

"இது போக எத்தனை நாள் ஆகும்?" என்றார்.