மூக்கு ஒழுகினால் அம்மா கவனிக்கவில்லை என்று அர்த்தமா?

நான் பதிவிட்ட என் மகளின் படத்துக்குக் கீழே வந்த கருத்துகளை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். முழுக்கதையையும் மறுபடி எழுதப் போவதில்லை. பேசாமல் கடந்துபோகத்தான் நினைத்தேன், முடியவில்லை. மகள் இலைக் குவியலில் குதிக்கிறாள், மூக்கு ஒழுகுகிறது, தலையில் தொப்பி இல்லை. படத்தில் இருந்தது இவ்வளவுதான். அதைப் பார்த்து "அம்மா பிள்ளையைக் கவனிக்கிறதே இல்லை போல" என்று ஒரு வரி. அந்த வரிக்கு லைக் போட்டவர்களில் பலர் என் வீட்டுக்கு வந்து என் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சியவர்கள். அதுதான் வலிக்கிறது.

இலையுதிர் காலத்தில் சின்னப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகுவது வளர்ப்பில் உள்ள குறை கிடையாது. பள்ளிக்கும் காப்பகத்துக்கும் போகும் வயதில் ஆண்டுக்கு 6 முதல் 8 தடவை சளி பிடிப்பது சாதாரணம் என்று எந்தக் குழந்தை மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். அதில் பெரும்பங்கு குளிர் தொடங்குவதிலிருந்து வசந்தம் வரைக்குமான மாதங்களில்தான் வரும். ஒவ்வொன்றும் இரண்டு வாரம் இழுத்தால் 8 சளிக்கு 112 நாள். சாதாரண சளியை உண்டாக்கும் ரைனோ வைரஸில் மட்டும் 160க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஒன்று வந்து போனால் அடுத்தது வராது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இதில் நான் எதைக் கவனிக்காமல் விட்டேன்?

"தொப்பி போட்டிருந்தால் வந்திருக்காது" என்கிறார்கள். தொப்பி போட்டுத்தான் கிளம்பினாள். ஓடி ஓடி வியர்த்ததும் கழற்றி எறிந்தாள். சளி தொப்பி வழியாக வருவதில்லை, கிருமி வழியாக வருகிறது. குளிர்ந்த காற்றில் மூக்கின் எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் தளரும் என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு, சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கிருமி இலைக் குவியலில் காத்திருக்கவில்லை. வெளியே குளிர் என்று சன்னலைச் சாத்திக்கொண்டு இருபது பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே பொம்மையைக் கை மாற்றி விளையாடும்போது வருகிறது. கிருமி ஏறிய ஒன்றிரண்டு நாளில் மூக்கு ஒழுகத் தொடங்கும். திறந்தவெளியில் விளையாடிய அந்த ஒரு மணி நேரம்தான் அந்த வாரத்திலேயே அவளுக்கு நல்ல காற்று கிடைத்த நேரம்.

இன்னொருவர் தனிச் செய்தியில், "சளி பச்சையா இருக்கு, உடனே ஆன்டிபயாடிக் கொடு" என்றார். அக்கறையில்தான் சொன்னார், தெரியும். ஆனால் பச்சை நிறம் வருவது உடம்பின் வெள்ளணுக்கள் வேலை செய்வதால். அவற்றில் உள்ள ஒரு நொதிக்கே அந்த நிறம் உண்டு. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். மூச்சு வேகமாக வாங்கினால், விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளிழுத்தால், எதையும் குடிக்க மறுத்தால் ஒரு நிமிடம் தாமதிக்க மாட்டேன். இரவில் சின்னவன் இருமும்போது விளக்கைப் போட்டு, சட்டையைத் தூக்கி, அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் நான். அதை யாரும் படம் எடுப்பதில்லை.

இந்தப் பருவத்தில் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு காலை எப்படி இருக்கும் என்று சொல்லட்டுமா? பெரியவளுக்கு உள்சட்டை, ஸ்வெட்டர், அதன்மேல் ஜாக்கெட். ஜிப்பில் கழுத்துத் துண்டின் நூல் மாட்டிக்கொள்ளும், அதை எடுப்பதற்குள் சின்னவன் ஒரு காலுறையைக் கழற்றியிருப்பான். எல்லாம் போட்டு முடித்துக் கதவைத் திறக்கும்போது, "அம்மா, ஒண்ணுக்கு." எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். காரில் ஏற்றினால் தடித்த ஜாக்கெட்டை மறுபடி கழற்ற வேண்டும், ஏனென்றால் அதன்மேல் இருக்கை வாரைப் போட்டால் வார் இறுக்கமாகப் பிடிக்காது, மோதினால் ஆபத்து. அங்கே யாராவது பார்த்தால், "குளிரில் பிள்ளைக்கு ஜாக்கெட் இல்லை" என்பார்கள். போட்டாலும் பேச்சு, கழற்றினாலும் பேச்சு.

"அப்படியென்றால் உடம்பு சரியில்லாத பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். காய்ச்சல் இருந்தால் வைத்துக்கொள்கிறேன். மூக்கு ஒழுகுகிறது என்பதற்காக 112 நாளும் எந்த வேலையில் விடுப்பு தருகிறார்கள்? விடுப்பு கேட்டாலும் "பொறுப்பில்லாத ஊழியர்", கேட்காவிட்டாலும் "பொறுப்பில்லாத அம்மா". இந்தக் கேள்விக்கு இதற்குமேல் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

எனக்கு உண்மையில் உறுத்துவது மூக்கும் தொப்பியும் இல்லை. அந்தப் படத்தை எடுத்தவர் என் கணவர். அன்றைக்குப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனவர் அவர். பதிவிலேயே எழுதியிருந்தேன், "அப்பாவோடு ஒரு மாலை" என்று. அதே படத்துக்கு அவருக்கு வந்தது, "எவ்வளவு அருமையான அப்பா!" எனக்கு வந்தது, கவனிக்கிறதே இல்லை. அவர் நல்ல அப்பாதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நான் அங்கே இல்லவே இல்லை. வீட்டில் சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். இல்லாத இடத்தில் நடந்ததற்கும் அம்மாதான் பதில் சொல்ல வேண்டும் என்றால், அப்பா கூடப் போனதற்கு என்ன மதிப்பு? இதை அவரும் கேட்டார். எனக்காக அங்கே பதில் எழுதினார். அந்தப் பதிலுக்கு ஒருவர்கூட மறுமொழி சொல்லவில்லை.

"ஒரு வரியை இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா?" என்று தோழி கேட்டாள். வேண்டும். பிள்ளை பெற்ற நாளிலிருந்து ஒரு வரி ஒரு வரியாகத்தான் வந்துகொண்டிருக்கிறது. பால் போதவில்லை, எடை போதவில்லை, பேச்சு வரவில்லை, இப்போது மூக்கு. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சின்ன வரிதான்.

சித்தி, அந்த வரியை எழுதியது நீங்கள் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வேறு யாராவது எழுதியிருந்தால் பிளாக் செய்துவிட்டுப் போயிருப்பேன். என் பிரசவத்தின்போது கூட இருந்தவர் நீங்கள். பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் எனக்கு போன் செய்யுங்கள். இந்த வாரக் கடைசியில் குளிர்கால நேரத்துக்காக இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது புரியாது, பழைய நேரத்துக்கே விழித்துக்கொள்வார்கள், சாயங்காலமே தூக்கத்துக்கு அழுவார்கள். அதனால் இரவு கொஞ்சம் தாமதமாகவே கூப்பிடுங்கள், எடுக்கிறேன்.