ஒரு ஓட்டை, மூன்று வெற்றி

நேற்று ராத்திரி எங்கள் தெரு வாட்ஸ்ஆப் குழுவில் பெரிய ரகளை. நகராட்சி உயரதிகாரிகளுக்குச் செயல்திறன் போனஸ் வரப்போகிறதாம் என்று யாரோ போட்டுவிட்டார்கள். "குப்பை அள்ளுகிறவன் முதல் ஒருத்தனுக்கும் ஒரு ரேண்ட் கொடுக்கக் கூடாது" என்று எதிர்வீட்டு மாமா கொதித்துவிட்டார். அவரோடு அங்கே மல்லுக்கட்ட முடியாது, வெள்ளிக்கிழமை கோயிலில் முகம் பார்க்க வேண்டும். அதனால் இங்கே எழுதுகிறேன். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள், ரேட்ஸ் பில் என்கிற நகராட்சி வரிச் சீட்டு என் பேரில்தான் வருகிறது.

மாமா இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார். குப்பை அள்ளுகிறவருக்கும் பிளம்பருக்கும் கிடைப்பது பதின்மூன்றாம் மாதச் சம்பளம். பேசி முடிவான சம்பளத்தில் ஒரு பகுதி அது, வேலையை எடைபோட்டுக் கொடுக்கும் மதிப்பெண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செயல்திறன் போனஸ், 2006ஆம் வருட விதிகளின்படி, நகராட்சி மேலாளருக்கும் அவருக்கு நேரடியாகப் பதில் சொல்லும் சில உயரதிகாரிகளுக்கும் உரியது. மதிப்பெண் 130 விழுக்காட்டைத் தொட்டால் ஆண்டுச் சம்பளத் தொகுப்பில் 5 முதல் 9 விழுக்காடு, 150ஐ எட்டினால் 10 முதல் 14. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தால் 100தான், போனஸ் கிடையாது. மேலாளரை எடைபோடும் குழுவில் வார்டு கமிட்டி ஆள் ஒருவரும் உட்கார வேண்டும். அந்த ஆளைத் தேர்ந்தெடுப்பது மேயர் என்பது வேறு கதை.

சரி, விதியில் பெரிய குறையில்லை. மதிப்பெண் எப்படி வருகிறது என்பதில்தான் கோளாறு.

போன மாதம் எங்கள் கேட்டுக்கு வெளியே குழாய் வெடித்துத் தண்ணீர் பொங்கியது. போன் செய்தேன், புகார் எண் வந்தது. மறுநாள் காலையில் "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி. அதை வாசிக்கும்போது என் செருப்புக்கடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது! திரும்பவும் புகார், திரும்பவும் "தீர்க்கப்பட்டது". மூன்றாவது புகாருக்குப் பிறகு, பதினோராம் நாள், ஒரு சுலு பையன் மண்வெட்டியோடு வந்தான். முழங்கால் வரை சேற்றில் நின்று இரண்டு மணி நேரத்தில் அடைத்துவிட்டான். அவனுக்குத் தேநீர் கொடுத்தபோது சொன்னான்: "கோகோ (பாட்டி), இந்த வருடம் எங்களுக்கு ஓவர்டைமைக் குறைத்துவிட்டார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வெடித்தால் காலையில்தான் வருவோம்."

கணக்குப் பாருங்கள். ஒரே ஓட்டை, தீர்க்கப்பட்ட புகார் மூன்று. வருடக் கடைசியில் யாரோ ஒரு அதிகாரியின் தாளில் அது மூன்று வெற்றியாக ஏறும்.

இருபத்திரண்டு வருடம் துணி ஆலையில் சட்டைக் காலர் தைத்தவள் நான். எங்கள் லைனுக்கும் போனஸ் உண்டு. முதலில் துண்டை எண்ணிக் கொடுத்தார்கள். நாங்களும் மின்னல் வேகத்தில் தைத்துத் தள்ளினோம், காலரெல்லாம் அப்பளம் மாதிரி சுருங்கியது. கடையிலிருந்து மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்த பிறகு முதலாளி விழித்துக்கொண்டார். அதற்கப்புறம் திரும்பி வந்ததைக் கழித்துத்தான் போனஸ். ஒரு மாதம் எங்கள் லைன் சல்லிக்காசு பார்க்கவில்லை. அழுதோம், ஆனால் அடுத்த மாதம் காலர் நேராக வந்தது.

பணம் இல்லை என்பது பொய்யில்லை. 2023 நவம்பரில் வந்த இடைக்கால பட்ஜெட் அறிக்கையிலேயே நகராட்சிகளுக்கான மானியத்தில் கைவைத்தார்கள். "சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்" என்று கவுன்சிலர்கள் சொல்கிறார்கள். அகப்பை யார் கையில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. எங்கள் மாகாணத்துப் பெருநகரமான டர்பனில் நகராட்சி அனுப்பும் தண்ணீரில் பாதிக்கு மேல் ஒழுகியும் திருட்டுப் போயும் காசாகத் திரும்புவதில்லை. இந்த நிலையில் குழாய் அடைக்கிறவனின் ஓவர்டைமை வெட்டுவது சிக்கனமா? தேசிய, மாகாண அரசுப் பணியாளர்களுக்கு இந்தச் செயல்திறன் போனஸையே 2021இல் நிறுத்திவிட்டார்கள். நகராட்சி மேலதிகாரிகள் தனி ராஜ்ஜியம்.

தணிக்கை சுத்தம் என்று சிலர் பெருமை பேசுவார்கள். 2023-24இல் நாட்டின் 257 நகராட்சிகளில் 41தான் அப்படித் தேறின, அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தணிக்கையாளர் என் கேட்டுக்கு வந்து பள்ளத்தைப் பார்ப்பதில்லையே.

எனக்கு ஆசை ரொம்பச் சின்னது. மூன்று மாதத்துக்குள் அதே இடத்திலிருந்து மறுபடி புகார் வந்தால், திரும்பி வந்த காலர் மாதிரி அதைக் கழிக்கட்டும். பிளம்பரின் ஓவர்டைம் வெட்டப்பட்ட வருடத்தில் மேலே யாருக்கும் போனஸ் வேண்டாம். நகராட்சிக் கணக்கு ஜூன் 30இல் முடிகிறது, மதிப்பீடு அதற்குப் பிறகுதான். எங்கள் வார்டு கமிட்டியிலிருந்து யார் போய் உட்காரப் போகிறார் என்று கேட்டு நான் கடிதம் எழுதிவிட்டேன். மூன்று புகார் எண்களையும் அதிலேயே போட்டிருக்கிறேன்.

மாமா, நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டு வருகிறேன்.