பம்ப் கெட்டுப்போகவில்லை அண்ணா, முதலில் அடி வால்வைப் பாருங்கள்

"ஏர்லெஸ் ஸ்ப்ரேயர் (காற்று கலக்காமல் பம்ப் அழுத்தத்தாலேயே பெயின்ட் அடிக்கும் மெஷின்) பெயின்ட் இழுக்கவில்லை என்றால் பிஸ்டன் போச்சு, முழுப் பம்பையும் மாற்றணும்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. இதை நம்பி வீணாகப் பணம் செலவழிக்காதீர்கள்.

நான் பெங்களூரு அல்சூரில் இருந்து பெயின்டிங் வேலைக்குப் போகிறேன். போன மாதம் ஒயிட்ஃபீல்டில் ஒரு ஃப்ளாட்டில் இதே கோளாறு வந்தது. இன்லெட் வால்வை, அதாவது பெயின்ட் உள்ளே வரும் அடி வால்வைக் கழற்றினால், வழியைத் திறந்து மூடும் சின்ன உருண்டையான குண்டு, தான் உட்காரும் சீட்டிலேயே காய்ந்த பெயின்டில் ஒட்டிக் கிடந்தது. சீட்டின் விளிம்பில் நகம் சிக்கும் அளவுக்குத் தேய்மானம். குண்டும் சீட்டும் ஓ-ரிங்கும் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) மாற்றியதும் மெஷின் இழுக்க ஆரம்பித்துவிட்டது.

எங்கே கோளாறு என்று மெஷினே காட்டும். பிரஷர் ஏற்றி ஸ்ப்ரே கன்னை மூடினால் பிஸ்டன் நிற்க வேண்டும். நிற்காமல் கீழே இறங்கினால் இன்லெட் வால்வு கசிகிறது. மேலே ஏறினால்தான் பிஸ்டன் வால்வையோ பேக்கிங்கையோ (பிஸ்டனைச் சுற்றிக் கசியாமல் அடைக்கும் வளையங்கள்) சந்தேகப்படணும். இரண்டும் இல்லாமல் வாளியில் குமிழி வந்துகொண்டே இருந்தால் உறிஞ்சு குழாய் இணைப்பில் காற்று போகிறது, ஓ-ரிங்கைப் பாருங்கள். அங்கே டெஃப்ளான் டேப் சுற்றாதீர்கள், அது ஓ-ரிங்கின் வேலையைச் செய்யாது.

அப்புறம், கழற்றும் முன் மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பிரைம் வால்வை (பெயின்டைத் திரும்ப வாளிக்கே விடும் வால்வு) திறந்து, கன்னையும் அழுத்தி பிரஷரை முழுக்க இறக்கிவிடுங்கள். இந்த மெஷின்களில் பிரஷர் 3000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரை ஏறும். அது தோலைத் துளைத்துப் பெயின்டை உள்ளே ஏற்றிவிடும். ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.