கேவி என்பது வலு இல்லை

ரிமோட்டில் ஓடும் மாடல் படகுகளைப் பற்றி ஒருவர், 'கேவி பெரிதாக இருந்தால் மோட்டாருக்கு வலு அதிகம், 2எஸ் (இரண்டு செல்) பேட்டரிக்குப் பதில் 3எஸ் (மூன்று செல்) போட்டால் படகு ஒன்றரை மடங்கு வேகம், வேறெதையும் மாற்ற வேண்டாம்' என்று எழுதியிருப்பதை நம்பி யாரும் மோட்டாரைக் கருக்கிவிடாதீர்கள். கேவி என்பது சுமையில்லாமல் சுற்றும்போது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) என்பது மட்டும்தான். 2000 கேவி மோட்டார் 2எஸ்ஸின் 7.4 வோல்ட்டில் சுமார் 14,800, 3எஸ்ஸின் 11.1 வோல்ட்டில் 22,200. அதுவரை அவர் கணக்கு சரி. ஆனால் தண்ணீருக்குள் புரொப்பெல்லர் கேட்கும் பவர் ஏறக்குறைய சுற்று வேகத்தின் கன வீதத்தில் ஏறும், அதாவது ஒன்றரை மடங்கு வேகத்துக்கு மூன்று மடங்குக்கும் மேல் (1.5 × 1.5 × 1.5) பவர், கரண்டும் இரண்டு மடங்கைத் தாண்டும். 20 ஆம்பியர் இழுத்த இடத்தில் 45 கேட்டால் 30 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) என்ன ஆகும்?

3எஸ் வேண்டுமென்றால் தாராளமாகப் போடுங்கள், கூடவே கேவி குறைந்த மோட்டாருக்கோ சின்ன புரொப்பெல்லருக்கோ மாறுங்கள். அதே பவரை அதிக வோல்ட்டில், குறைந்த கரண்டில் எடுத்தால் ஒயரும் கனெக்டரும் கூட அவ்வளவாகச் சூடாகாது.

அப்புறம், 'சி அதிகமான லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) மோட்டாரை எரித்துவிடும்' என்பதும் தப்பு. சி என்பது பேட்டரி தன் கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு கரண்ட் தர முடியும் என்ற எண். பேட்டரி கரண்டைத் திணிக்காது, மோட்டார் கேட்பதைத்தான் கொடுக்கும். 5000 எம்ஏஎச் (அதாவது 5 ஆம்பியர்-மணி), 30சி என்றால் 5 × 30, அதால் தர முடிந்த உச்சம் 150 ஆம்பியர், அவ்வளவே (அதுவும் லேபிளில் போட்டிருப்பது, நான் பாதியைத்தான் நம்புவேன்). சந்தேகமிருந்தால் ஒரு வாட் மீட்டரைப் பேட்டரிக்கும் ஈஎஸ்சிக்கும் இடையில் மாட்டி அளந்து பாருங்கள்.