தரங்கம்பாடிக்கு ரயில் வேண்டும், முட்டுச்சந்து வேண்டாம்

மயிலாடுதுறை–தரங்கம்பாடி பாதை 1926-ல் வந்தது, 1986-ல் மூடிவிட்டார்கள். சுமார் 30 கி.மீ. மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று வரிசையாக ஸ்டேஷன்கள். தேர்தல் வந்தால் போதும், "தண்டவாளம் கிடந்த மண்கரை அப்படியேதானே கிடக்கிறது, தண்டவாளத்தைப் போட்டால் ரயில் ஓடிவிடும்" என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஓடாது.

அது மீட்டர் கேஜுக்குப் போட்ட கரை. அப்போது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1,000 மி.மீ. இப்போது அகலப்பாதை, 1,676 மி.மீ. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் ஸ்லீப்பர் கட்டையே 2.75 மீட்டர் நீளம். ஒற்றைப் பாதை என்றாலும் கரையின் மேல்தளம் 7.85 மீட்டர் அகலம் வேண்டும். அகலப்படுத்தும்போது பழைய கரைச் சரிவின் மேல் புது மண்ணைச் சும்மா கொட்டினால் முதல் மழையிலேயே வழுக்கிக்கொண்டு வயலுக்குள் போய்விடும். சரிவைப் படிபடியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் மண்ணைக் கொட்டி, ரோலர் விட்டு இறுக்கி ஏற்ற வேண்டும். டெல்டா களிமண் தண்ணீர் பட்டால் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதனால் மேலே சரளை மண் அடுக்கு ஒன்று, அதற்கும் மேலே 350 மி.மீ. ஜல்லி. கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர் என்றால் மொத்தம் 50,000 வரும். கான்கிரீட் ஸ்லீப்பர் சிக்கல் இல்லை. ஜல்லிதான் தலைவலி, டெல்டாவில் கருங்கல் ஏது? எல்லாம் வெளியூரிலிருந்து வர வேண்டும்.

அடுத்தது கேட். புதுப் பாதையில் லெவல் கிராசிங் வைக்க ரயில்வே இப்போது லேசில் ஒத்துக்கொள்வதில்லை, சுரங்கப்பாதைதான். நிலத்தடி நீர் கையெட்டும் ஆழத்தில் இருக்கும் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் அது குளமாகத்தான் நிற்கும். அறுவடை மிஷினும் வைக்கோல் ஏற்றிய டிராக்டரும் அதற்குள் நுழையுமா என்பதை வரைபடத்திலேயே பார்த்துவிட வேண்டும். தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்குக் கரண்ட் பில் பஞ்சாயத்தா, ரயில்வேயா என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். கேட்டே வைத்தாலும் ஆள் போட வேண்டும். காரைக்குடி–திருவாரூர் பாதையை 2012-ல் மூடி, அகலப்பாதையாக்கி, 2019-ல் திறந்தபோது கேட்டுகளுக்கு ஆள் இல்லை. ரயிலிலேயே வந்த ஊழியர்கள் ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி மூடி, ரயில் தாண்டியதும் திறந்துவிட்டு மறுபடி ஏறினார்கள். சுமார் 150 கி.மீ. போக ஆறு மணி நேரத்துக்கு மேல்! பஸ்ஸை விட்டு யார் ஏறுவார்கள்?

சரி, பாதை போட்டாயிற்று என்றே வையுங்கள். மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவே மூன்று டிரிப் அடிக்கும் ஒரு டெமு (டீசலில் ஓடும் உள்ளூர் பாசஞ்சர்) விட்டால் அது காலியாகத்தான் ஓடும். சென்னை ரயிலுக்கு இணைப்பு இருக்காது, பஸ் வாசலிலேயே நிற்கும். ஒரு வருஷம் கழித்து "ஆள் ஏறவில்லை" என்று கணக்குக் காட்டுவார்கள். நீடாமங்கலம்–மன்னார்குடி வெறும் 14 கி.மீ., 1976-ல் மூடியது. 2011-ல் திறந்தபோது மன்னை எக்ஸ்பிரஸை நேராகச் சென்னைக்கு விட்டார்கள். பிறகு கோவைக்குச் செம்மொழி, திருப்பதிக்குப் பாமணி. அங்கே ஆள் ஏறுவது வெறும் 14 கி.மீ. போவதற்காக இல்லை.

அதனால் கேட்பதை முழுசாகக் கேட்க வேண்டும்: தரங்கம்பாடியோடு நிறுத்தாமல் காரைக்கால் வரை. கூடுதலாக 15 கி.மீ. அளவுதான். நாகூர்–காரைக்கால் 2011-லேயே வந்துவிட்டது, பேரளம்–காரைக்காலும் அகலப்பாதையாகிவிட்டது. இதுவும் சேர்ந்தால் மயிலாடுதுறை, தரங்கம்பாடி, காரைக்கால், பேரளம் என்று ஒரு வளையம். காரைக்கால் போகும் சென்னை ரயிலில் ஒன்றைக் கடற்கரைப் பக்கமாகத் திருப்பலாம். 2020-ல் தனி மாவட்டமான பிறகு கலெக்டர் ஆபீஸ் வேலைக்கென்று மயிலாடுதுறைக்கு வருகிற கூட்டமும் தனியாக இருக்கிறது.

திருக்கடையூரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 24 பெட்டிக்கு 540 மீட்டர் பிளாட்பாரம், பக்கத்திலேயே ரயில்கள் விலகிக்கொள்ள ஒரு லூப் லைன். மணிவிழாவுக்கும் சதாபிஷேகத்துக்கும் ஒரு குடும்பமென்றால் முப்பது பேர், பட்டுப்புடவைப் பெட்டி, சீர்த்தட்டு, நடக்க முடியாத தாத்தா பாட்டி சகிதம் வருகிறார்கள். அவர்களுக்குக் காலை முகூர்த்தம். ரயில் விடிகாலை 5 மணிக்குள் அங்கே நிற்கவில்லை என்றால் வேன்தான் பிடிப்பார்கள்.