திருட்டு கேம் ஓட்ட லைசென்ஸ் கீயாம்!

நின்டெண்டோவோட ஸ்விட்ச் கேம் கன்சோல ஹேக் பண்ற எவன்கிட்டயாவது "எதுக்குப்பா பண்ண?"ன்னு கேளுங்க. அப்படியே உத்தமனா மாறிடுவான். ஹோம்ப்ரூக்காக (அவங்கவங்க சொந்தமா எழுதற ஆப்) ப்ரோ, சேவ் ஃபைல் பேக்கப் எடுக்க ப்ரோ, லினக்ஸ் போட்டுப் பாக்க ப்ரோ. அப்ப மெமரி கார்டுல திருட்டு கேமா ரொம்பி வழியுதே, அதெல்லாம் லினக்ஸா?

சோனி 2010ல பிஎஸ்3 கன்சோல்ல இருந்து லினக்ஸ் போடற வசதிய பிடுங்கினப்ப கத்தினதுல நியாயம் இருந்துச்சு, ஒத்துக்கறேன். ஆனா இங்க? அட்மாஸ்ஃபியர்ங்கற இலவச ஸ்விட்ச் ஹேக் சாஃப்ட்வேர பண்ணவங்க திருட்டு கேம் ஓட்டறதுக்கான பேட்ச்ச (கன்சோலோட செக்கிங்க தாண்ட வைக்கற கோடு) சேக்கவே இல்ல, அவங்க ராத்திரி பகலா உக்காந்து எழுதினத ஓசில எடுத்துக்கிட்டு "பேட்ச் இல்லாம இத வச்சு நாக்கு வழிக்கவா"ன்னு அவங்களுக்கே திட்டு.

இதுல உச்சக்கட்ட காமெடி 2018ல வந்த எஸ்எக்ஸ் ஓஎஸ்ங்கற இன்னொரு ஸ்விட்ச் ஹேக் சாஃப்ட்வேர். திருட்டு கேம் ஓட்ட காசு குடுத்து லைசென்ஸ் வாங்கணுமாம்! அதையும் எவனாவது கிராக் பண்ண நோண்டினா கன்சோலையே லாக் பண்ற கோடு வேற உள்ள. அடுத்தவன் கேமுக்குப் பூட்டு போட்டா அநியாயம், இவனுங்க சரக்குக்குப் போட்டா மட்டும் நியாயமா? அந்த எஸ்எக்ஸ் ஓஎஸ்ஸ வித்த கோஷ்டில ஒருத்தருக்கு 2022ல 40 மாசம் ஜெயில்னு தீர்ப்பு வந்ததும் என்னமோ தியாகி உள்ள போன மாதிரி ஒரே ஒப்பாரி.

கேட்டா நின்டெண்டோ கொள்ளையடிக்குதாம். சரிடா, ரெண்டு பேர் வீட்டுல உக்காந்து செஞ்ச இண்டி கேமையும்தான இறக்கி வச்சிருக்க, அவங்க உன்கிட்ட என்னத்தடா கொள்ளையடிச்சாங்க?